நாலடி ஏழங்குலக் கணக்கு

குடும்பத்தோடு தீம் பார்க் போகத் திட்டம் போடும் வீட்டில் முதலில் தேடியெடுக்க வேண்டியது, தையல் மெஷின் டிராயரில் சுருண்டு கிடக்கும் இஞ்ச் டேப். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தைக் குறித்துக்கொண்ட பிறகுதான் எந்த ஊர், எந்த ரயில், எவ்வளவு ரூபாய் என்ற பேச்சையே எடுக்க வேண்டும். ரயில் வயதைக் கேட்கும், பூங்கா உயரத்தைக் கேட்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட் இல்லை. ஐந்து முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்கு பெர்த் வேண்டாமென்றால் அரை டிக்கெட், வேண்டுமென்றால் முழு டிக்கெட். வொண்டர்லா பூங்காக்களிலோ 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தைக் கட்டணம். அதைத் தாண்டிவிட்டால் பத்து வயதுப் பையனும் பெரிய மனிதன்தான்.

140 சென்டிமீட்டர் என்பது நாட்டுக் கணக்கில் நாலடி ஏழங்குலம். பெரிய ராட்டினங்கள் பலவற்றின் வாசலில் நிற்கும் அளவுகோலும் இதே கோட்டில்தான் இருக்கும். கோட்டைத் தொடாத பிள்ளைக்குக் கட்டணம் குறைவு, ஆனால் எதைப் பார்க்க இரண்டு மாதமாகத் தூக்கமில்லாமல் காத்திருந்ததோ அதில் ஏற முடியாது. எம்பி நின்றாலும் முடியைத் தூக்கி வாரினாலும் வாசலில் நிற்கும் ஊழியர் இறங்கி வரமாட்டார், இறங்கி வரவும் கூடாது. இருக்கையின் பிடிப்புப் பட்டை அந்த உயரத்து உடம்பைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. வீட்டில் மூத்தவள் 142, சின்னவன் 125 என்றால் அன்றைக்குக் குடும்பம் இரண்டு அணியாகப் பிரியும் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது. இரண்டு பிள்ளைகளும் 120-ஐ எட்டவில்லையென்றால் பெரிய பூங்காவை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். அந்தப் பணத்துக்கு அந்த வயதில் கிடைப்பது குறைவு.

அதுவரை திருச்சிக் குடும்பங்களுக்கு உள்ளூரிலேயே ஒத்திகை பார்க்க இடமுண்டு. முக்கொம்பு, ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, 2025-இல் கம்பரசம்பேட்டையில் காவிரிக்கரையில் திறந்த பறவைகள் பூங்கா ஆகிய மூன்றும் அரை நாள் வேலை. பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும், வெயிலில் எப்போது சிணுங்க ஆரம்பிக்கும், எத்தனை மணிக்குத் தூக்கம் சொருகும் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். உயரத்துக்குப் பயப்படுகிறதா என்பதை அறியப் பொருட்காட்சி ஜெயன்ட் வீலைவிட மலிவான சோதனை கிடையாது. பொருட்காட்சியின் ஜெயன்ட் வீல், கொலம்பஸ் கப்பல், மரணக்கிணறு இவையெல்லாம் லாரியில் வந்து லாரியில் போகும் தீம் பார்க்குதான். டெல்லி அப்பளம் மட்டும் பெரிய பூங்கா எதிலும் அந்த ருசியில் கிடைக்காது.

நிலையான பூங்காக்கள் நம் நாட்டுக்கு வந்து அதிக காலமில்லை. டெல்லியில் அப்பு கர் 1984-இலும் மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு 1989-இலும் தொடங்கின. தாம்பரத்தை அடுத்து கிஷ்கிந்தாவை 1995-இல் உருவாக்கியவர், 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன். 2000-இல் கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் வீகாலேண்ட் வந்தது. அதுதான் பிறகு வொண்டர்லாவாகப் பெயர் மாறியது. 2005-இல் பெங்களூருக்கு வெளியே பிடதியிலும், 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் இள்ளலூரிலும் அதே நிறுவனம் திறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும், மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டரும், கோவை சிறுவாணி சாலையில் கோவை கொண்டாட்டமும், மதுரை பரவையில் அதிசயமும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பழகிய பெயர்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யே தாராளம். அங்குள்ள சிரிக்காத சிலை மனிதனைச் சிரிக்கவைக்க முயன்று தோற்ற அப்பாக்கள், தங்கள் பிள்ளைகளையும் ஒருமுறை தோற்கவைத்துக் கூட்டிவரலாம்.

தூரத்தைப் பொறுத்தவரை, திருச்சியில் பெல் (BHEL) நிறுவனத்தின் டவுன்ஷிப்பான கைலாசபுரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது திருவெறும்பூர் நிலையம், ஆனால் விரைவு வண்டிகள் எல்லாம் அங்கே நிற்பதில்லை. ஆகவே திருச்சி ஜங்ஷனுக்குப் போகும் நேரத்தையும் ஆட்டோ காசையும் முதலிலேயே கூட்டிக்கொள்ள வேண்டும். பஸ் என்றால் 2025-இலிருந்து பஞ்சப்பூர். அது ஊரின் மறுபக்கம், மதுரை ரோட்டில். பரவை அதிசயம் ஒன்றுதான் விடிய எழுந்து போய் ராத்திரி வீடு திரும்பக்கூடிய தொலைவு, ஏறத்தாழ 135 கிலோமீட்டர். மற்ற எதற்கும் ஒரு ராத்திரியாவது வெளியே தங்கியாக வேண்டும்.

சென்னைப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி விடியுமுன் தாம்பரத்தில் இறங்குவது. ஒரு நாள் லாட்ஜ் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள். பூங்கா திறப்பது பத்தரை, பதினொன்றுக்கு. நாலரை மணிக்குப் பிளாட்பாரத்தில் பையோடும் அரைத்தூக்கப் பிள்ளைகளோடும் நிற்கும் குடும்பம் அந்த ஆறு மணி நேரத்தை எங்கே கழிக்கும்? மூன்று மணிக்கு அலைக்குளத்தோரம் தூங்கி விழும் பிள்ளைகளில் பலர் இப்படி ராத்திரி வண்டியில் வந்தவர்கள்தான். அதற்குப் பதில் பல்லவன் எக்ஸ்பிரஸில் காலையில் கிளம்பினால் மதியம் இறங்கலாம். சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரை, ராத்திரி நல்ல தூக்கம், மறுநாள் முழுவதும் பூங்கா. லாட்ஜ் செலவு கூடினாலும் பூங்கா டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணாகாது. ராத்திரி வண்டியைத் திரும்பி வருவதற்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது தூங்கிக்கொண்டு வருவதுதான் வேண்டியது.

பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தென்மாவட்ட பஸ்கள் போய் நிற்பது வண்டலூரை ஒட்டிய கிளாம்பாக்கம். திருப்போரூருக்கு வழிவிடுவது பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள கேளம்பாக்கம். இரண்டுக்கும் நடுவே வண்டலூர் கேளம்பாக்கம் சாலை கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. கைபேசியில் காரை வரச்சொல்லும்போது ஓர் எழுத்துப் பிசகினால் வண்டி அங்கே, குடும்பம் இங்கே.

கோவைப் பக்கம் என்றால் மயிலாடுதுறை கோவை ஜனசதாப்தி வசதியானது. சாயங்காலம் திருச்சியில் ஏறி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குக் கோவை போய்விடலாம். திரும்பும் வண்டி காலையில் புறப்படுவதால் இரண்டு ராத்திரி தங்க நேரும். செவ்வாய்க்கிழமை வண்டி கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். பிடதிக்கு மயிலாடுதுறை வழியாக வரும் மைசூர் வண்டி பொருத்தம். பிடதி மைசூர் ரோட்டில் இருப்பதால் பெங்களூரின் நடுவே இறங்கி நெரிசலில் மாட்டாமல் ஊரைத் தாண்டி கெங்கேரியில் இறங்கிக்கொள்ளலாம். கொச்சிக்குக் காரைக்காலிலிருந்து வரும் எர்ணாகுளம் வண்டி ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. முன்பிருந்த நூற்றிருபது நாள் கணக்கை மனதில் வைத்திருக்கும் தாத்தாக்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும். அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு முதலில் எடுக்க வேண்டியது திரும்பும் டிக்கெட். போவதற்கு எப்படியாவது வழி கிடைக்கும். ஞாயிறு ராத்திரி சென்னையிலிருந்து திருச்சிக்கு வழி கிடைப்பதுதான் அபூர்வம். பூங்கா டிக்கெட்டை அவ்வளவு முன்னதாக எடுக்கத் தேவையில்லை, ரயில் உறுதியானபின் எடுக்கலாம். எடுக்கும்போது தேதி மாற்ற அனுமதி உண்டா, காட்டிய விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். வரி 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது என்றாலும், ஐந்து பேருக்கு 18 சதவீதம் என்பது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

தேதி குறிப்பதில்தான் திருச்சி மாவட்டத்துக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கும் சமயபுரம் சித்திரைத் தேருக்கும் மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் அந்த நாளில் பூங்காவில் வரிசை குறையும். ஏகாதசிக்குக் கூட்டமெல்லாம் ஊருக்குள் வருவதால் வெளியே போகும் வண்டியில் இடமும் கிடைக்கும். ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு இந்த யோசனை ஆகாது, அங்கே சொர்க்கவாசலுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குப் பாய் விரிக்கவே நேரம் போதாது. கைலாசபுரத்து வீடுகளுக்கு ஆகும். ஆனால் ஏகாதசி சில வருடம் அரையாண்டு விடுமுறைக்குள் விழுந்துவிடும், அப்போது பயனில்லை. விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அப்பாவோ அம்மாவோ பெல்லில் வேலை பார்த்தால் தனியாக லீவு எழுதித்தர வேண்டியிருக்கும். நைட் ஷிஃப்ட் வாரம் முடிந்த கையோடு பயணம் வைப்பதைத் தவிர்க்கலாம், காரை அவர்தான் ஓட்டுவார் என்றால் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

மற்றபடி செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். ஆனால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வாரநாட்களிலும் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் மழை. நனைவது பெரிய விஷயமில்லை, இடி மின்னல் என்றால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். ஆனியிலும் ஆடியிலும் கொச்சியில் மழை கொட்டும். அதே ஆடி சென்னைக்கு உகந்தது. கல்யாணம் காட்சி இல்லாத மாதம் என்பதால் குடும்பத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியிருக்காது.

அடுத்தது உடை. தண்ணீர் விளையாட்டுக்கு நைலான், லைக்ரா, பாலியஸ்டர் துணிதான் செல்லும், பருத்தி ஆகாது. பருத்தி நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும், நனைந்தால் கனத்து நீந்த விடாது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சறுக்குக் குழாயில் சிக்கும் ஆபத்து வேறு. இது தெரியாமல் போகும் அம்மாக்கள் நாள் முழுவதும் பையைக் காத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்து போகிறவர்களும் பலநேரம் கூச்சத்தில் அதையேதான் செய்கிறார்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. கிளம்பும் முன் என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வாங்கிவிட்டால், வாசல் கடையில் அவசரத்துக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம். நகையை வீட்டில் வைத்துவிட வேண்டும். அலைக்குளத்தில் விழுந்த கம்மல் திருகு அடுத்த தடவை தண்ணீரை இறைக்கும்போதுதான் அகப்படும், அகப்பட்டால். பிள்ளைகளின் கொலுசும் அப்படியே. மாற்று உடை ஆளுக்கு இரண்டு, ஈரத்துணிக்குக் கெட்டியான பை ஒன்று, வெயிலில் சுடும் சிமெண்டுத் தரையில் நடக்க ரப்பர் செருப்பு. லாக்கர் வாடகை போக முன்பணமும் கேட்பார்கள், திரும்ப வாங்க மறந்துவிடக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் திருச்சி வீட்டுப் பாட்டிகள் பூங்காவோடு மோதுவார்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், மோர் மிளகாய், முறுக்கு டப்பா இல்லாமல் ஊர்ப்பயணம் ஏது? பெரிய பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், கைக்குழந்தையின் உணவுக்கும் மருந்துக்கும்தான் பொதுவாக விலக்கு. ஆகவே கட்டுச்சோறு ரயிலுக்கு, முறுக்கு லாட்ஜ் அறைக்கு. புளியோதரை மறுநாளும் தாங்கும், தயிர்சாதம் முதல் ராத்திரியே தீர்ந்துவிட வேண்டும். பூங்கா நாளன்று எட்டு மணிக்கு இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு, உள்ளே பன்னிரண்டுக்கு முன்போ இரண்டரைக்குப் பின்போ மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டால் உணவகத்தில் வரிசை இருக்காது. தண்ணீர் பிடிக்கும் குழாய் எங்கே இருக்கிறது என்று நுழைந்தவுடன் கேட்டு வைக்கலாம். தண்ணீருக்குள்ளேயே நிற்பதால் தாகம் தெரியாது, வேர்ப்பதும் தெரியாது. சித்திரை வைகாசியில் உப்புக்கரைசல் பொட்டலம் நாலைந்து கைப்பையில் இருக்கட்டும்.

உள்ளே நுழைந்ததும் கூட்டம் முதலில் கண்ணில் படும் ராட்டினத்துக்கு ஓடும். அதை விட்டுவிட்டுக் கடைசிக்கு நடந்து, அங்கிருந்து வாசலை நோக்கி வந்தால் முதல் ஒன்றரை மணி நேரத்தில் பெரிய ராட்டினங்கள் நாலைந்து முடிந்துவிடும். வெயில் உச்சிக்கு வரும்போது தண்ணீர்ப் பகுதி, அது மூடும் சாயங்காலத்தில் மறுபடி ராட்டினம். இந்த ஒழுங்கு பெரும்பாலான பூங்காக்களுக்குப் பொருந்தும். சாப்பிட்டவுடன் தட்டாமாலை சுற்றும் எதிலும் ஏறக் கூடாது. ரோலர் கோஸ்டரைவிட ஒரே இடத்தில் சுழல்பவைதான் வயிற்றைப் புரட்டும். காதின் உட்புறத்தில் உள்ள திரவம் சுழன்றுகொண்டே இருக்க, கண் வேறு கதை சொல்ல, மூளை குழம்பி வாந்தியை வரவழைக்கிறது. எதிரே அசையாத ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டால் கொஞ்சம் தாங்கும்.

பயப்படும் பிள்ளையைத் துணிச்சல்காரனாக்க அது இடமில்லை. ஒருமுறை அழ அழ ஏற்றிய பிள்ளை அதற்குப்பின் பல வருடம் ஜெயன்ட் வீல் பக்கம்கூட வராது. எப்படி ஓடுகிறது என்று விளக்கினால் பாதிப் பயம் போகும். ரோலர் கோஸ்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் கிடையாது. சங்கிலி ஒன்று உச்சிக்கு இழுத்துவிடும், மீதி தூரமெல்லாம் விழும் வேகத்தில் ஓடுவதுதான். தண்டவாளத்துக்கு மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று பக்கமும் சக்கரங்கள் கவ்விப் பிடித்திருப்பதால் தலைகீழானாலும் வண்டி கழன்று விழாது. கைலாசபுரத்தில் இந்தப் பாடத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கொதிகலன் குழாய்களைப் பற்றவைத்து வளர்ந்த ஊர், 1975-இலிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அப்பாக்கள் ராட்டினத் தூணின் வெல்டிங் தையலை அண்ணாந்து ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். வரிசையில் நிற்கும் நாற்பது நிமிடத்துக்கு அதுவும் ஒரு பொழுதுபோக்கு.

கர்ப்பிணிகள், இதய நோய், முதுகு அல்லது கழுத்து வலி உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வேக ராட்டினங்களில் ஏறக் கூடாது என்று ஒவ்வொரு வாசலிலும் எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் கடந்துபோகக் கூடாது. கண்ணாடி, கைபேசி, சட்டைப்பைச் சில்லறை எல்லாம் கீழேயே இருக்கட்டும். பட்டை சரியாகப் பூட்டவில்லை என்று தோன்றினால் வண்டி நகரும் முன் கையை உயர்த்திக் கத்த வெட்கப்பட வேண்டியதில்லை. அலைக்குளத்தில் சைரன் ஊதினால் அலை வரப்போகிறது என்று பொருள். சின்னவர்களை முட்டளவு ஆழத்துக்கு மேல் விடாமல், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

பிள்ளை காணாமல்போனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை நுழைந்த ஐந்து நிமிடத்துக்குள் முடிவு செய்து, அந்த இடத்தைக் காட்டியும் வைக்க வேண்டும். முகவரி கேட்டால் டவுன்ஷிப் பிள்ளைகள் 'சி செக்டார்' என்றோ 'பெல் டவுன்ஷிப்' என்றோ பதில் சொல்லும், அம்மா பேர் கேட்டால் 'அம்மா' என்று சொல்லும். திருப்போரூரில் அதை வைத்து யாரைக் கூப்பிடுவது? பெற்றோரின் முழுப்பெயரும் ஒரு கைபேசி எண்ணும் மனப்பாடமாக வேண்டும். மனப்பாடம் ஆகாத வயதுக்கு, தண்ணீரில் அழியாத மையால் மணிக்கட்டில் எண்ணை எழுதிவிடலாம். எல்லாருக்கும் ஒரே பளிச்சென்ற நிறத்தில் டீ-சர்ட் போடுவது வேடிக்கையாகத் தோன்றினாலும் கூட்டத்தில் கண் தேட உதவும்.

தாத்தா பாட்டியைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். மூட்டுவலிக்காரர்களுக்கு அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட பூங்கா ஒரு தண்டனை. பை காக்கத்தான் தங்களை அழைத்துவந்தார்கள் என்ற வருத்தமும் உள்ளுக்குள் இருக்கும். அவர்களுக்கென்று ஒரு நாளைத் தனியே ஒதுக்கினால் பயணம் இரு தரப்புக்கும் சொந்தமாகும். சென்னைப் பக்கம் திருப்போரூர் கந்தசாமி கோயில் பூங்காவுக்கு அருகிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலை ரயில் இருக்கிறது, அதை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பார்த்தால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே அளவு சந்தோஷம். கொச்சியென்றால் காலடி. பூங்கா நாளில் பெரியவர்கள் லாட்ஜில் ஓய்வெடுக்கலாம். உள்ளே வந்தாலும் மெதுவாக ஓடும் தண்ணீர்ப் பாதையில் டியூபில் மிதப்பது அறுபதைத் தாண்டியவர்களுக்கும் பிடித்துப்போகிறது.

செலவுக் கணக்கில் எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையை நம்பி இறங்குகிறவர்கள் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வருமான வரி விலக்கு ஊர்ப்பயணத்தின் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டுமே. பூங்கா டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு எதுவும் அதில் வராது. நான்கு காலண்டர் ஆண்டுகள் கொண்ட தொகுதிக்கு இரண்டு பயணம் என்பது விதி. 2022 முதல் 2025 வரையிலான தொகுதி முடிந்து இப்போது 2026 முதல் 2029 வரையிலானது நடக்கிறது. முந்தைய தொகுதியில் ஒரு பயணம் மிச்சமிருந்தால் 2026-க்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. அலுவலகம் தரும் சலுகைக்கு அலுவலக விதிதான், கிளம்பும் முன்பே விண்ணப்பம் கொடுத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ரயில் டிக்கெட்டையும் டாக்சி ரசீதையும் ஒரே கவரில் போட்டு வைப்பது நல்லது. ஈரத்துணிப் பைக்குள் மட்டும் அந்தக் கவரை வைத்துவிடக் கூடாது.